குச்சிக்கிழங்குக்கும் விதை உண்டு

ஆத்தூர், தம்மம்பட்டி, ஏத்தாப்பூர் பக்கம் குச்சிக்கிழங்குக்கு, அதாவது மரவள்ளிக்கு, விதை என்றால் குச்சிதான். எட்டுப் பத்துக் கணு உள்ள ஒரு சாண் கரணை. மூன்றடிக்கு மூன்றடி நட்டால் ஏக்கருக்குச் சுமார் 4,800 போகும். ஒரே ரகத்துக் குச்சி என்றால் அந்த 4,800 செடியும் மரபணு அளவில் ஒரே செடி. ஒன்றில் மாவு ஏறினால் எல்லாவற்றிலும் ஏறும். இலையில் மஞ்சள் திட்டு விழும் தேமல் நோயை ஒன்று தாங்காவிட்டால் எதுவும் தாங்காது. தேமல் வைரஸை வெள்ளை ஈ பரப்புகிறது. நோய் உள்ள குச்சியை அடுத்த நடவுக்கு எடுத்து வைக்கும்போது நாமும் பரப்புகிறோம்.

குச்சி பழைய குணத்தை அப்படியே கொண்டுவரும். புதுக் குணம் வேண்டுமானால் பூவுக்குத்தான் போக வேண்டும்.

மரவள்ளியில் கிளை பிரியும் கவட்டில்தான் பூங்கொத்து வரும். கிளைக்காமல் நெட்டையாக ஓடும் செடி பூப்பது அரிது. ஆனால் உழவர் விரும்புவது அந்த நெட்டைச் செடியைத்தான்: களையெடுக்க வசதி, நல்ல குச்சியும் நிறையக் கிடைக்கும். அதனால் புது ரகம் உருவாக்குபவர்களுக்கு முதல் சிக்கலே பூக்க வைப்பதுதான். இரவில் சிவப்பு விளக்கு எரியவிட்டுப் பகல் நீண்டதுபோல் காட்டிக்கூடப் பூக்க வைக்கிறார்கள்.

கொத்தின் அடியில் பெண் பூ, மேலே ஆண் பூ. பெண் பூ முதலில் விரியும். அதே கொத்தின் ஆண் பூ ஒன்றிரண்டு வாரம் கழித்துத்தான் விரியும். தன் மகரந்தத்தில் பிறந்த நாற்று நோஞ்சானாக நிற்கும் என்பதால், இந்த இடைவெளி செடிக்கு நல்லது. கலப்பு செய்பவர்களுக்கும் வேலை மிச்சம், ஆண் பாகத்தைக் கிள்ளி எடுக்க வேண்டியதில்லை. காலையில், அன்று விரியப்போகும் பெண் மொட்டைத் தேர்ந்து பூச்சி புகாமல் பை கட்டுவார்கள். சூலகத்தின் அடியில் தேன் துளி தெரிந்தால் பூ பக்குவம் என்று பொருள். உச்சிப் பொழுதில், அப்போதுதான் விரிந்த ஆண் பூவைக் கொண்டுவந்து பிசுபிசுப்பான சூல்முடியில் தொடுவார்கள். ஓர் ஆண் பூ இரண்டு மூன்று பெண் பூவுக்குப் போதும். பிறகு மறுபடி பை, தாய் தந்தை பெயரும் தேதியும் எழுதிய சீட்டு. ஒரு வாரத்தில் சூலகம் பருத்திருந்தால் கலப்பு பிடித்தது. காய் முற்ற இரண்டரை, மூன்று மாதம் ஆகும். முற்றியதும் ஆமணக்கைப் போல வெடித்துச் சிதறிவிடும். வலைப்பை கட்ட மறந்தால் அத்தனை உழைப்பும் மண்ணில். காய்க்கு மூன்று அறை இருந்தாலும் முளைக்கும் விதை ஒன்றோ இரண்டோதான் தேறும்.

இனிதான் முக்கியமான கட்டம். ஒரே காயின் விதைகள்கூட உடன்பிறந்தவர்களைப்போல ஆளுக்கொரு விதமாக வரும். நாற்று ஒவ்வொன்றும் ஒரு புது ரகத்துக்கான வாய்ப்பு. ஆனால் ஒரு நாற்று முதல் ஆண்டில் தருவது பத்துக் குச்சிக்கு மிகாது. அடுத்த ஆண்டு ஒரே வரிசை, பிறகு சின்னப் பாத்தி, பிறகு பல ஊர்களில் சோதனை என்று எட்டுப் பத்து ஆண்டு ஓடிவிடும்.

இடையில் மாவு அளக்க வேண்டும். ஜவ்வரிசி தயாரிக்கும் சேகோ மில்லில் கிழங்கின் மாவை மதிப்பிட ‘பாயிண்ட்’ பார்ப்பதும் இதே கணக்குதான். காற்றில் 5 கிலோ நிற்கும் கழுவிய கிழங்கு நீருக்குள் 500 கிராம் காட்டினால், ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 5-ஐ 4.5-ஆல் வகுத்தது, அதாவது 1.11. அப்படியானால் உலர்பொருள், அதாவது நீர் போக மிஞ்சுவது, ஏறத்தாழ 34 சதவீதம்; அதில் பெரும்பகுதி மாவுதான். மண் ஒட்டியிருந்தாலும் கிழங்கில் காற்றுக்குமிழ் தங்கினாலும் கணக்கு பிசகும்.

தேமலைத் தாங்கும் குணம் எங்கிருந்து வந்தது? 1930-களில் இன்றைய தான்சானியாவின் அமானியில், மரவள்ளியை அதன் காட்டு உறவான சியாரா ரப்பர் மரத்தோடு கலந்தார்கள். அந்த மரத்தில் உண்ணத்தக்க கிழங்கு இல்லை. கலப்பில் வந்ததைத் திரும்பத் திரும்ப மரவள்ளியோடு சேர்த்துக் கிழங்கை மீட்க வேண்டியிருந்தது. பின்னாளில் மேற்கு ஆப்பிரிக்க நாட்டு ரகம் ஒன்றில் வலுவான ஒற்றை மரபுக்கூறு கிடைத்தது. சிஎம்டி2 என்று பெயர். அது ஓங்கு குணம், அதாவது தாய் தந்தையில் ஒருவரிடமிருந்து வந்தாலே வெளிப்படும் குணம் என்பதால், அந்த மரபுக்கூறின் ஒரு நகல் மட்டும் உள்ள செடியை நோய் தாங்காத ரகத்தோடு கலந்தாலும் நாற்றுகளில் பாதி தாங்கும். வசதிதான். ஆனால் அந்தத் தாங்கும் திறன் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதிக்கான மரபணு ஒன்றில் நேர்ந்த சிறு மாற்றத்தால் வருகிறது என்று 2022-இல் தெரிந்தது. அந்த ஒன்றையே நம்பி எல்லா வயலிலும் நட்டால், வைரஸ் தாண்ட வேண்டிய வேலியும் ஒன்றே ஒன்றுதான்.

திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் 1971-இல் வெளியிட்ட எச்-226, சேலம் வட்டாரத்தில் பரவலாக நின்ற ரகம். மாவு நன்றாகக் கிடைத்தது, தேமலிடம் தோற்றது. முள்ளுவாடி, குங்குமரோஸ் போன்ற பழைய ரகங்களைக் கைவிடுவது நியாயமில்லை. அவற்றில் எந்தக் குணம் ஒளிந்திருக்கிறது என்பது கலந்து பார்க்கும்வரை தெரியாது. வரப்போரம் பத்துச் செடி நின்றாலும் போதும், பூவும் குச்சியும் கைவசம் இருக்கும்.

அப்படி வைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது அறுவடை அன்று: இரண்டு ரகத்துக் குச்சியும் ஒரே கட்டில் சேர்ந்துவிடும். அதன் பிறகு துளிர்க்கும்வரை பிரிக்க முடியாது. வெட்டும்போதே ரகத்துக்கு ஒரு நிறப் பெயிண்டை அடிமுனையில் தடவி, நிழலில் நிமிர்த்தி வைக்க வேண்டும். நட்ட முதல் மாதத்தில் தேமலோடு துளிர்ப்பதைப் பிடுங்கி, அந்தக் குழியில் அதே நிறக் கட்டிலிருந்து வேறு கரணையை ஊன்றலாம்.