ரிப்போர்ட் நார்மல், ஆனால் இரத்தம் நிற்கவில்லை

தொப்புள்கொடி காய்ந்து விழும்போது துணியில் ஓரிரு சொட்டு இரத்தம் படுவது இயல்பு. விழுந்த பிறகும் துடைக்கத் துடைக்க நாள்கணக்கில் கசிந்தால் அது இயல்பல்ல. மஞ்சளும் காப்பித்தூளும் வைத்து அடைக்காமல், அன்றே குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கி வாருங்கள்.

அங்கே பி.டி., ஏ.பி.டி.டி. என்ற இரத்தச் சோதனைகளும், பிளேட்லெட் (இரத்தத் தட்டணு) எண்ணிக்கையும் பார்ப்பார்கள். மூன்றும் நார்மல் என்றே வரலாம். அந்தத் தாளை நம்பி வீடு திரும்புவதுதான் ஆபத்து. முதல் இரண்டும் இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதை மட்டுமே அளக்கின்றன. உறைந்த கட்டியை இறுக்கிப் பிணைப்பது ஃபேக்டர் 13 என்ற இரத்தப் புரதம். அது இல்லாத குழந்தைக்கும் இரத்தம் உறையும்; ஆனால் கட்டி தளர்ந்து கரைந்துவிடும். நின்ற காயம் மறுநாள் மறுபடி ஒழுகுவது அதனால்தான். கட்டியை யூரியா கரைசலில் போட்டுக் கரைகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை இருக்கிறது. கடுமையான குறைபாட்டை அது காட்டிவிடும். ஆனால் வழக்கமான பட்டியலில் வராது, கேட்டுத்தான் செய்ய வேண்டும். கடுமையான குறைபாடுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மூளையில் கசிவு வருகிறது. இந்த ஃபேக்டர் உடலில் பல நாள் தங்கும் என்பதால், சுமார் 4 வாரத்துக்கு ஒருமுறை பிளாஸ்மா (இரத்தத்தின் நீர்ப்பகுதி) அல்லது அதிலிருந்து பிரித்தெடுக்கும் கிரையோ ஏற்றியே அந்தக் கசிவைத் தடுத்துவிடலாம்.

கிளான்ஸ்மான் என்ற இன்னொரு இரத்தக்கசிவு நோயிலும் இதே ஏமாற்றம்தான்: பிளேட்லெட் எண்ணிக்கை சரியாக இருக்கும், வேலைதான் செய்யாது. மூக்கிலும் ஈறிலும் இரத்தம், பெண்பிள்ளைகளுக்கு 7 நாள் தாண்டியும் நிற்காத மாதவிலக்கு. பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா என்று பார்க்கும் அக்ரிகேஷன் சோதனைக்குப் புது இரத்தம் வேண்டும், ஆளே லேபுக்கு வரவேண்டும்.

இவ்விரண்டும் வர அப்பா, அம்மா இருவரிடமும் பழுதான மரபணு இருக்க வேண்டும். அக்கா மகள், மாமன் மகள் என்று கட்டும் நம் வட ஆற்காட்டுக் குடும்பங்களில் அதற்கு வாய்ப்பு அதிகம். இரத்தம் சரியாக உறையாத ஹீமோபிலியா நோய் வேறு, அது பெரும்பாலும் தாய்வழியில் வரும், சொந்தத்தில் கட்டியதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தாய்மாமனுக்கோ பெரியம்மா, சித்தி மகன்களுக்கோ இருந்ததா என்று கேளுங்கள். தடுப்பூசி போட்ட தொடை கல்லாக வீங்குவதும், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் சுன்னத்துக்குப் பின் இரத்தம் நிற்காததும் முதல் அடையாளமாகலாம். அடிபடாமலே முட்டி வீங்கினால் சுளுக்கென்று நீவாதீர்கள், புத்தூர் கட்டுக்கும் ஓடாதீர்கள். நீவினால் மூட்டுக்குள் கசிவு கூடும். வலிக்குப் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், டைக்ளோஃபினாக் வேண்டாம், இடுப்பு ஊசியும் வேண்டாம்.

மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பிளாஸ்மா ஏற்றும் முன் சாம்பிள் எடுத்து வையுங்கள். ஏற்றிய பிறகு எடுத்தால், கொடுத்தவருடைய ஃபேக்டரைத்தான் அளக்கிறோம். ஃபேக்டர் 13-க்கு மறுபடி வாரக்கணக்கில் காத்திருக்க நேரும்.

ஒரு குழந்தைக்கு உறுதியானால், அடுத்ததைப் பிறந்த உடனே சோதியுங்கள். தொப்புள் கசியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.