சூப்பர்குரூப்: பொருளும் பிறப்பும் தமிழ்ச் சொல்லும்

சூப்பர்குரூப்: வெவ்வேறு இசைக்குழுக்களில் ஏற்கெனவே பெயர் பெற்ற கலைஞர்கள் கூடி, புதிய பெயரில் அமைக்கும் குழு. ராக் இசை பற்றிய எழுத்தில் பிறந்த சொல். அதிலும் நீண்ட, சிக்கலான பாடல்களைக் கொண்ட ராக் வகையான புரோகிரசிவ் ராக் பற்றிப் பேசும்போது மிகுதியாகப் புழங்குவது. தமிழில் 'இசைக் கூட்டணி' எனலாம்.

அகராதிப் பதிவுக்கு இவ்வளவு போதும். ஆனால் எழுபது வயதைக் கடந்த புரோகிரசிவ் ராக் கலைஞர் ஒருவரின் நேர்காணலைப் படிக்க உட்காரும் வாசகருக்கு இது போதாது. புதிதாக வரவிருக்கும் ஆல்பத்தைப் பற்றித்தான் கேட்டிருப்பார்கள். பதிலோ அரை நூற்றாண்டு பின்னால் போய், யாரோடு வாசித்தேன், அவர் அதற்கு முன் எந்தக் குழுவில் இருந்தார், அந்தக் குழு உடைந்தபோது யார் எங்கே போனார் என்று விரியும். ஒரு குடும்பத்தின் கொள்வினை கொடுப்பினையைக் கேட்பது போல இருக்கும். அந்த உறவுமுறையைப் புரிந்துகொள்ள உதவும் சொற்களில் முதன்மையானது சூப்பர்குரூப்.

சொல்லின் உறுப்புகளை முதலில் பார்த்துவிடலாம். 'சூப்பர்' என்பது லத்தீன். 'மேலே', 'மேற்பட்ட' என்பது அதன் பொருள். 'குரூப்' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்குக் கொடுத்தது இத்தாலிய மொழி. அங்கே 'குருப்போ' என்றால் முடிச்சு, திரள். ஓவியத்திலும் சிற்பத்திலும் ஒன்றாகச் சேர்த்து அமைத்த உருவங்களைக் குறிக்கவே முதலில் பயன்பட்டது. பிறகுதான் மனிதர் கூட்டத்துக்கும், இருபதாம் நூற்றாண்டில் பாப் இசைக்குழுவுக்கும் பெயரானது.

இரண்டும் ஒட்டி இசைச்சொல்லாக வழங்கத் தொடங்கியது 1960களின் பிற்பகுதியில். அப்போது மிகப் பெரிய வெற்றி பெற்ற குழு எதையும் அப்படிச் சொல்லும் வழக்கமும் இருந்தது. இன்றைய பொருளுக்கு அடித்தளமிட்டது 1966இல் இங்கிலாந்தில் உருவான 'கிரீம்'. கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன், பேஸ் வாசித்த ஜாக் புரூஸ், டிரம்ஸ் வாசித்த ஜிஞ்சர் பேக்கர் மூவரும் வேறு குழுக்களில் பெயர் வாங்கியவர்கள். தங்களைப் பாலின் மேல் படியும் ஆடைக்கு ஒப்பாக்கி அவர்கள் வைத்துக்கொண்ட பெயரிலேயே 'மேலே' என்ற கருத்து வந்துவிட்டது. அது கலைந்ததும் கிளாப்டனும் பேக்கரும் ஸ்டீவ் வின்வுட்டையும் ரிக் கிரெச்சையும் சேர்த்துக்கொண்டு 'பிளைண்ட் ஃபெய்த்' தொடங்கினார்கள். 1969 ஜூனில் லண்டன் ஹைட் பார்க்கில் முதல் கச்சேரி, அதே ஆண்டில் ஒரே ஓர் ஆல்பம், அதோடு முடிந்தது. சூப்பர்குரூப் என்றாலே நீடிக்காது என்ற எண்ணம் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டதில் பிளைண்ட் ஃபெய்த்துக்குப் பெரும் பங்கு உண்டு.

புரோகிரசிவ் ராக் இந்தச் சொல்லைத் தன்னுடையதாக்கிக்கொண்டது 1970இல். அதற்கு முந்தைய டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவின் ஃபில்மோர் வெஸ்ட் அரங்கில் 'தி நைஸ்' குழுவும் 'கிங் கிரிம்சன்' குழுவும் ஒரே நிகழ்ச்சியில் வாசித்தன. நைஸின் கீபோர்டு கலைஞர் கீத் எமர்சனும் கிரிம்சனின் பாடகர் கிரெக் லேக்கும் அங்கே பேசிக்கொண்டார்கள். 'அட்டாமிக் ரூஸ்டர்' குழுவில் இருந்து டிரம்ஸ் கலைஞர் கார்ல் பாமர் வந்து சேர்ந்தார். குழுவுக்குப் பெயர் தேட அவர்கள் மெனக்கெடவில்லை. மூவரின் குடும்பப் பெயர்களையும் வரிசையாக அடுக்கினார்கள்: எமர்சன், லேக் அண்ட் பாமர். 1970 ஆகஸ்டில் பிளிமத் நகரில் முதல் கச்சேரி. சில நாள் கழித்து ஐல் ஆஃப் வைட் திருவிழாவில் மாபெரும் கூட்டத்தின் முன் நின்றார்கள்.

அப்போது எமர்சனுக்கு 25 வயது, லேக்குக்கு 22, பாமருக்கு 20. லேக் கிங் கிரிம்சனில் பாடிய முதல் ஆல்பம் வெளியாகி ஓராண்டுகூட ஆகவில்லை. இந்த வயதில் 'சூப்பர்' என்ற அடைமொழியைச் சுமப்பது எத்தகைய பாரம் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான குழுக்களுக்குத் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ளச் சில ஆண்டுகள் கிடைக்கும். சூப்பர்குரூப்புக்கு அந்தச் சலுகை கிடையாது. மேடையேறும் முதல் நாளே அதன் ஒவ்வொரு உறுப்பினரையும் அவரது பழைய குழுவோடு வைத்து ஒப்பிடுவார்கள். மூத்த கலைஞர்கள் நேர்காணல்களில் பழைய கூட்டணிகளைப் பற்றிப் பேசும்போது பெருமையும் களைப்பும் சேர்ந்தே ஒலிப்பதற்கு இது முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இந்தச் சொல்லின் வரலாற்றையே ஒருவரின் வாழ்க்கையில் படிக்கலாம் என்றால் அவர் ஜான் வெட்டன். பேஸ் கிட்டாரும் கனத்த, துயரம் தோய்ந்த குரலும் அவருடையவை. 'ஃபேமிலி'யில் இருந்தார், 1972 முதல் 1974 வரை கிங் கிரிம்சனில் லேக் ஒரு காலத்தில் நின்ற இடத்தில் நின்றார், 'யூரியா ஹீப்' குழுவிலும் வாசித்தார். பிறகு கிரிம்சனில் தன்னோடு வாசித்த டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபோர்டுடன் சேர்ந்து 'யுகே' என்ற குழுவை அமைத்தார். ரோக்சி மியூசிக்கில் இருந்து எடி ஜாப்சன் வந்தார். கிட்டாருக்கு அலன் ஹோல்ட்ஸ்வொர்த். 1978இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தை இன்றைக்குக் கேட்டாலும் நான்கு பேரும் ஒருவரையொருவர் எவ்வளவு உன்னிப்பாகக் கேட்டு வாசித்தார்கள் என்பது வியப்பூட்டுகிறது. ஆனால் அந்த ஆண்டே ஹோல்ட்ஸ்வொர்த்தும் புரூஃபோர்டும் விலகினார்கள். ஜாஸ் பக்கம் சாய்ந்தவர்கள் இருவர், பாட்டின் பக்கம் சாய்ந்தவர்கள் இருவர். அந்த இழுபறியில்தான் அந்த இசையின் அழகு பிறந்தது. அதே இழுபறியில்தான் குழுவும் கலைந்தது.

அடுத்து வெட்டன் சேர்ந்தது 'ஏஷியா'. 'யெஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் ஸ்டீவ் ஹௌ, அதே யெஸ்ஸில் 1980இல் கீபோர்டு வாசித்த ஜெஃப் டவுன்ஸ், டிரம்ஸில் கார்ல் பாமர். 1982இல் வெளியான முதல் ஆல்பம் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் ஒன்பது வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அந்த ஆண்டின் இறுதிப் பட்டியலிலும் அதற்கே முதலிடம். இருபது நிமிடப் பாடல்களை வாசித்துப் பழகியவர்கள் வானொலிக்கு ஏற்ற நான்கு நிமிடப் பாடல்களைத் தந்ததைப் பழைய ரசிகர்கள் பலர் ஏற்கவில்லை. எனக்கு அந்தப் பாடல்கள் பிடிக்கும். வெட்டனின் குரல் முதன்முறையாக வீட்டு வானொலிகளுக்குள் நுழைந்தது அவற்றால்தான். ஆனால் 1983 டிசம்பரில் டோக்கியோவின் புடோகான் அரங்கில் இருந்து செயற்கைக்கோள் வழியாக அமெரிக்காவுக்கு ஒளிபரப்பான கச்சேரியில் வெட்டன் இல்லை. அவர் குழுவில் இருந்து வெளியேறியிருந்தார். அவர் இடத்தில் நின்று பாடியவர் கிரெக் லேக்! பதினொரு ஆண்டுகளுக்கு முன் லேக்கின் பழைய குழுவுக்குப் போனவரின் இடத்துக்கு இப்போது லேக் வந்தார். பின்னால் டிரம்ஸில் அமர்ந்திருந்தவர் லேக்கின் பழைய தோழர் பாமர்.

ஏஷியாவின் முதல் நால்வரும் 2006இல் மீண்டும் கூடினார்கள். 2008க்கும் 2012க்கும் இடையே மூன்று ஆல்பங்கள் தந்தார்கள். இரண்டாம் முறை கூடியபோது ஒருவருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை. வெட்டன் 2017 ஜனவரியில் காலமானார். அதற்கு முந்தைய ஆண்டில் எமர்சனும் லேக்கும் போய்விட்டார்கள். மூவர் பெயரில் அமைந்த அந்தக் குழுவில் இன்று எஞ்சியிருப்பவர் பாமர் ஒருவர்.

எது சூப்பர்குரூப், எது இல்லை என்பதில் அடிக்கடி குழப்பம் வருகிறது. 1989இல் ஜான் ஆண்டர்சன், பில் புரூஃபோர்ட், ரிக் வேக்மன், ஸ்டீவ் ஹௌ நால்வரும் தங்கள் பெயர்களையே குழுப் பெயராக்கி ஓர் ஆல்பம் வெளியிட்டார்கள். பார்க்க எமர்சன், லேக் அண்ட் பாமர் போலத்தான் இருக்கிறது. ஆனால் நால்வரும் யெஸ் குழுவின் பழைய உறுப்பினர்கள். யெஸ் என்ற பெயர் அப்போது பேஸ் கலைஞர் கிறிஸ் ஸ்கொயர் முதலியோரிடம் இருந்ததால்தான் இவர்கள் தங்கள் பெயர்களில் வந்தார்கள். ஒரே வீட்டில் இருந்து பிரிந்து வந்தவர்களை, பல வீடுகளில் இருந்து வந்து கூடியவர்கள் என்று சொல்லக் கூடாது. அது குழுப் பிளவு.

'டிரான்ஸ்அட்லாண்டிக்' வேறு விதம். அமெரிக்காவின் நீல் மோர்ஸ், மைக் போர்ட்னாய், சுவீடனின் ரோய்னே ஸ்டோல்ட், இங்கிலாந்தின் பீட் டிரெவாவாஸ் நால்வரும் தத்தம் தாய்க்குழுவில் இருந்துகொண்டே இதைத் தொடங்கினார்கள். 2000இல் வந்த முதல் ஆல்பத்தின் தலைப்பே அவர்களின் பெயர் முதலெழுத்துகளால் ஆனது. இதைத் துணைப்பணி என்று ஒதுக்குவோர் உண்டு. பல நாடுகளில் இருந்து கூடி, 2021 வரை ஐந்து பெரிய ஆல்பங்களைத் தந்த குழுவை அப்படி ஒதுக்குவது நியாயமில்லை. இன்னொரு வகை, 2024இல் ஏட்ரியன் பெலூ, டோனி லெவின், ஸ்டீவ் வாய், டேனி கேரி நால்வரும் 'பீட்' என்ற பெயரில் மேற்கொண்ட சுற்றுப்பயணம். கிங் கிரிம்சனை வழிநடத்திய கிட்டார் கலைஞர் ராபர்ட் ஃபிரிப்பின் ஒப்புதலோடு, 1980களில் அந்தக் குழு தந்த இசையை வாசித்தார்கள். ஆட்களைப் பார்த்தால் சூப்பர்குரூப். வாசித்த இசை வேறொரு குழுவுடையது.

இனித் தமிழுக்கு வருவோம். நம் இசை மரபில் இதற்கு ஏன் சொல் எழவில்லை என்பதற்கு விடை எளிது. கர்நாடகக் கச்சேரியில் பாடகரும் வயலின்காரரும் மிருதங்கக்காரரும் நிரந்தரமான ஒரு குழுவின் உறுப்பினர்கள் கிடையாது. ஒவ்வொருவரும் தனிப் பெயர் உள்ளவர். அன்றைய மேடைக்காகக் கூடுகிறார்கள். செம்பை வைத்தியநாத பாகவதர், மைசூர் சௌடையா, பாலக்காடு மணி ஐயர் மூவரும் ஒரே மேடையில் அமர்ந்தது இந்த இலக்கணப்படி சூப்பர்குரூப்தான். ஆனால் அங்கே அது வழக்கமான ஏற்பாடு. குழு என்ற கட்டு இருந்தால்தான் குழு தாண்டிக் கூடுவது செய்தியாகும்.

இரண்டு மரபும் சந்தித்த இடமும் உண்டு. 'மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா' என்ற ஜாஸ்-ராக் குழுவின் கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாக்லின் 1970களில் எல். சங்கர், ஜாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரோடு அமைத்த 'சக்தி' அது. இதே சங்கர், ஜெனிசிஸ் குழுவில் இருந்து விலகிய பீட்டர் கேப்ரியலின் 1989ஆம் ஆண்டு ஆல்பத்தில் இரட்டை வயலின் வாசித்தவர். மாண்டலின் ஸ்ரீநிவாஸ், சங்கர் மகாதேவன், விக்குவின் மகன் செல்வகணேஷ் ஆகியோர் பின்னாளில் சேர்ந்தபோது சக்தி முழுப் பொருளில் சூப்பர்குரூப் ஆகிவிட்டது.

தமிழ்ச் சொல்லாக என்ன வைக்கலாம்? 'பெருங்குழு' என்பது சிலருக்கு உடனே தோன்றும். பழைய சொல்தான், சிலப்பதிகாரத்தில் 'ஐம்பெருங்குழு' வருகிறது. ஆனால் அது அரசனைச் சூழ்ந்த அமைச்சர், படைத்தலைவர் முதலியோரைக் குறிப்பது. தவிர, பெருங்குழு என்றால் ஆள் எண்ணிக்கை மிகுந்தது என்ற எண்ணமே இன்று வரும். கிரீமில் இருந்தவர்கள் மூவர். லத்தீன் 'சூப்பர்' என்பதற்கு நேரான தமிழ் முன்னொட்டு 'மீ'. மீயொலி, மீக்கணினி என்பவற்றில் அது நன்றாக வேலை செய்கிறது. 'மீக்குழு' என்றால் எழுத்துக்கு எழுத்து சரி. ஆனால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'நட்சத்திரக் குழு' விளம்பர வாசகம் போல ஒலிக்கிறது. 'வல்லுநர் குழு' அரசாணையை நினைவூட்டும்.

இந்தச் சொற்கள் எல்லாம் தவறுவது ஒரே இடத்தில். அவை 'சூப்பர்' என்பதைப் பிடித்துக்கொண்டு உயரத்தையும் பெருமையையும் மொழிபெயர்க்கின்றன. சூப்பர்குரூப்பை அடையாளப்படுத்துவது உறுப்பினர்களின் முன்கதை. வெவ்வேறு இடங்களில் இருந்து தத்தம் பெயரோடு வந்து கூடியிருக்கிறார்கள் என்ற செய்தி. அதைச் சொல்லும் சொல் நம்மிடம் நாள்தோறும் செய்தித்தாளில் வருகிறது: கூட்டணி. கட்சிகள் தம் பெயரையும் கொடியையும் விடாமல் கூடுவதற்கு அந்தச் சொல். அது உடையக்கூடியது, மீண்டும் கூடக்கூடியது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது. திரைப்படச் செய்திகளில் இயக்குநரும் இசையமைப்பாளரும் சேர்வதைக் 'கூட்டணி' என்று நெடுநாளாக எழுதி வருகிறார்கள். ஆகவே இசைத்துறைக்குப் புதிதாக எதையும் கட்ட வேண்டியதில்லை. 'இசைக் கூட்டணி' என்றால் முதல்முறை கேட்பவருக்கும் பாதி விளங்கிவிடும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியவை சில. முதல் இடத்தில் 'சூப்பர்குரூப் எனப்படும் இசைக் கூட்டணி' என்று எழுதிவிட்டு, பிறகு கூட்டணி என்று மட்டும் சொல்லலாம். ஓர் ஆல்பத்தில் ஒரு பாடலுக்கு மட்டும் வந்து வாசித்துப் போனவர் விருந்துக் கலைஞர்; அவரைக் கூட்டணியில் சேர்க்கக் கூடாது. இருவர் சேர்ந்து ஒரு முறை ஓர் ஆல்பம் செய்தால் கூட்டுப்பணி. கலைந்த பழைய குழு திரும்பக் கூடினால் மறுகூடல். இந்தக் கணக்கின்படி ஏஷியா 1982இல் கூட்டணி, 2006இல் மறுகூடல்.