அந்த நட்டை மட்டும் இறுக்கிவிடாதீர்கள்

1976-ல் விற்பனைக்கு வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123 காரில் முன் பிரேக் டிஸ்க் மட்டும் தனியாகக் கழன்று வராது. சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதியான ஹப்பின் பின்பக்கம் போல்ட் போட்டுப் பூட்டியிருப்பார்கள். ஹப்பை உருவினால் உள்ளே இருக்கும் இரண்டு பேரிங்கும் சேர்ந்து வந்துவிடும். ஆக, டிஸ்க் மாற்றப்போய் பேரிங் வேலையும் தலையில் விழுகிறது. திரும்பப் பூட்டும்போது ஹப்பை அச்சில் பிடித்து நிறுத்தும் நட்டை எவ்வளவு முறுக்குவது என்பதில்தான் வில்லங்கம்.

கம்பெனி கணக்குப்படி, ஹப்பை இழுத்துத் தள்ளினால் 0.01 முதல் 0.02 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். ஒரு தலைமுடித் தடிமனில் கால்வாசி. அவ்வளவு சின்ன ஆட்டம் எதற்கு, ஒரேயடியாக இறுக்கிவிட்டால் என்ன?

பேரிங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். உருளைகள் ஒரு முனை பருத்து, மறுமுனை சிறுத்திருக்கும். 1898-ல் அமெரிக்காவில் குதிரை வண்டி செய்துகொண்டிருந்த ஹென்றி டிம்கன் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வண்டியின் எடையையும், வளைவில் வரும் பக்கவாட்டுத் தள்ளலையும் இந்தச் சரிவு ஒருசேரத் தாங்கும். ஆனால் சரிவான இரண்டு பரப்புகளுக்கு நடுவே நசுங்கும் உருளை, பருத்த பக்கமாகப் பிதுங்கும். அங்கே ஒரு விளிம்பு அதைத் தடுக்கும். மற்ற இடமெல்லாம் உருளுகிறது. அந்த விளிம்பில் மட்டும் உரசுகிறது. நட்டை இறுக்க இறுக்க உரசல் கூடும், சூடேறும். வெளியே ஹப்புக்குக் காற்று படுகிறது. அச்சை ஒட்டியிருக்கும் பேரிங்கின் உள்வளையத்துக்கு அந்த வசதி இல்லை. அது விரிந்து இன்னும் இறுகும், இன்னும் சூடாகும். கிரீஸ் இளகி ஓடிய பிறகு பேரிங் நீலம் பாய்ந்துதான் வெளியே வரும்.

ரொம்பத் தளர்த்தினாலும் தொல்லைதான். டிஸ்க் தள்ளாடி பிரேக் பேடுகளைப் பின்னுக்குத் தள்ளும். முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்கும்.

ஹப்பைக் கையால் சுற்றிக்கொண்டே நட்டை முறுக்க வேண்டும். சுற்றினால்தான் உருளைகள் விளிம்பில் போய் ஒழுங்காக உட்காரும். சுற்றக் கடினமானதும் நட்டைப் பின்னுக்கு விட்டு, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜ் வைத்து ஆட்டத்தைப் பிடிக்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 1.5 மில்லிமீட்டர் நகரும் புரி உள்ள நட்டை, நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகரும் அளவு திருப்பினாலே 0.025 மில்லிமீட்டர் போய்விடும். அதனால்தான், குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே நட்டைப் பூட்டும் காட்டர் பின் என்ற ஊசி இதில் கிடையாது. எந்த இடத்திலும் நிறுத்தி, பக்கத்து ஸ்குரூவால் கவ்விக்கொள்ளும் நட். இன்றைய முன்சக்கர இழுவைக் கார்களில் பெரும்பாலும் சீல் செய்த பேரிங். இந்தக் கைவேலைக்கே இடமில்லை.

கடைசியாக ஹப்பின் வெளிவாயை அடைக்கும் மூடி. அதற்குள் ஒரு சின்னச் செப்பு ஸ்பிரிங் இருக்கும், வேண்டாத பொருள் என்று வீசிவிடாதீர்கள். கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாது. ஓடும் சக்கரத்தில் சேரும் நிலைமின்சாரம் இந்த ஸ்பிரிங் வழியாகத்தான் இறங்குகிறது. அது இல்லையென்றால் கார் ரேடியோ கரகரக்கும்.