பிக்கப்புக்குக் கேட்காத சுரம்

பழைய தேக்குக் கட்டிலின் தலைமாட்டுப் பலகையை அறுத்து பேஸ் கிட்டார் செய்துகொண்டிருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "கழுத்து ஒட்டியாயிற்று, ஃப்ரெட் அடித்தாயிற்று, கம்பியும் கட்டிப் பார்த்துவிட்டேன். பிக்கப் பதிக்கக் குழி குடைவதுதான் பாக்கி. 24-ஆவது ஃப்ரெட் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வைத்தால்தான் நாதம் வரும், வேறெங்கு வைத்தாலும் வீண் என்கிறார்கள். உண்மையா? குடைந்துவிட்டால் அடைக்க முடியாதே!"

கடைசி வரியில் இருக்கும் பயம் நியாயமானது. அதற்காகவே கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

தெரிந்த சங்கதிகளை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஃப்ரெட் என்பது கழுத்தின் குறுக்கே பதிக்கும் உலோகப் பட்டை. அதில் அழுத்தினால், அங்கிருந்து உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரைதான் கம்பி அதிரும். வழக்கமான பேஸ் கிட்டாரில் அதிரும் கம்பியின் நீளம் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் மிச்ச நீளத்தை 1.0595-ஆல் வகுத்துக்கொண்டே போனால் 12-ஆவதில் கம்பி சரிபாதியாகும். 24-ஆவதில் கால் பங்காகும். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிச் சுருள். காந்தம் மேலேயுள்ள எஃகுக் கம்பியையும் காந்தமாக்குகிறது. கம்பி ஆடினால் காந்தப்பாயம் மாறும், சுருளில் மின்னழுத்தம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டது இதைத்தான். நைலான் கம்பி கட்டினால் பிக்கப்புக்கு ஒன்றுமே கேட்காது. அது காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. தன் தலைக்கு நேர் மேலே இருக்கும் இரண்டு விரல்கடை கம்பி எப்படி ஆடுகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும்.

இப்போது பள்ளி ஆய்வகத்துச் சுரமானியை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கம்பியின் மேல் மடித்த காகிதத் துண்டுகளை ஏற்றிவைத்து அதிரவிடுவோம். கம்பி மிக அதிகமாக ஆடும் எதிர்க்கணுவில் இருக்கும் காகிதம் துள்ளி விழும், ஆடாத இடமான கணுவில் இருப்பது அப்படியே உட்கார்ந்திருக்கும். பிக்கப்பும் அந்தக் காகிதம்போலத்தான். கம்பி முழுதாக ஆடும்போதே இரண்டு, மூன்று, நான்கு சமத் துண்டுகளாகவும் ஆடும். அப்போது அடிப்படைச் சுரத்தின் அத்தனை மடங்கு அதிர்வெண்ணில் கூடவே ஒலிப்பவைதான் சீரிசைகள். ஒரு சீரிசையின் கணுவுக்கு அடியில் வைத்தால் அந்தச் சீரிசை அதற்கு இல்லாததாகிவிடும்.

பேஸின் தடித்த கம்பி 'ஈ'. அழுத்தாமல் மீட்டினால் 41.2 ஹெர்ட்ஸ். 24-ஆவது ஃப்ரெட்டுக்குரிய இடம் பிரிட்ஜிலிருந்து 216 மி.மீ. தொலைவில், கம்பியின் கால் பங்கில் இருக்கிறது. நான்காம் சீரிசைக்கு அங்கே கணு. ஆகவே அது கேட்காது. 5-ஆவது ஃப்ரெட்டை அழுத்துங்கள். கம்பி 647 மி.மீ. ஆகிறது. நகராத பிக்கப் இப்போது மூன்றில் ஒரு பங்கில் நிற்கிறது. மூன்றாம் சீரிசை போச்சு. 12-ஆவதை அழுத்தினால் கம்பி 432 மி.மீ., பிக்கப் நட்டநடுவில். இரண்டு, நான்கு, ஆறு என்று இரட்டைப்படை எல்லாம் காலி. ஒலி ஊதுகுழல்போல உள்ளீடற்றுக் கேட்கும்.

நான்கு, மூன்று, இரண்டு. இந்த வரிசையைத் தாளில் எழுதிவிட்டு அதிர்வெண்களைக் கணக்கிட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். 41.2-இன் நான்கு மடங்கு 165. ஐந்தாவது ஃப்ரெட்டின் சுரம் 55. அதன் மூன்று மடங்கும் 165. பன்னிரண்டாவதின் சுரம் 82.4, இரு மடங்கு 165! எந்த ஃப்ரெட்டை அழுத்தினாலும் பிக்கப் தொலைப்பது ஒரே அதிர்வெண்ணைத்தான். காரணம் எளிது. கம்பியில் அலை ஓடும் வேகம் இழுவிசையையும் எடையையும் பொறுத்தது. விரல் எங்கே அழுத்துகிறது என்பதைப் பொறுத்ததல்ல. இந்தக் கம்பியில் அது நொடிக்கு 71 மீட்டர். அரை அலைநீளம் 216 மி.மீ. ஆகும்படியான அதிர்வெண் எதுவோ, அது பிரிட்ஜுக்கும் பிக்கப்புக்கும் நடுவே கச்சிதமாக அடங்கி, பிக்கப்பின் தலைமேல் கணு போட்டுவிடுகிறது. அதுதான் 165. அதன் மடங்குகளான 330, 495-க்கும் அதே கதி. மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் 49 ஹெர்ட்ஸின் மடங்குகள் 98, 147, 196 எனப் போகின்றன. 165-இல் எதுவும் விழாததால் அந்தச் சுரம் இதில் மாட்டாமல் தப்பிக்கிறது. ஒரே பேஸில் ஒரு சுரம் முழுக்கவும் பக்கத்துச் சுரம் மெலிந்தும் கேட்பதற்கு இது ஒரு காரணம். (பிக்கப்புக்கு அகலம் உண்டு, கம்பிக்கு விறைப்பு உண்டு. எனவே முழு மௌனம் இருக்காது, மெலிவுதான்.)

பிக்கப்பை பிரிட்ஜுக்கு 80 மி.மீ. தொலைவுக்குத் தள்ளினால் கேட்காத அதிர்வெண் 445-க்கு ஏறிவிடும். கீழே உள்ள சீரிசைகள் தப்பும். ஆனால் அங்கே கம்பி குறைவாகவே ஆடும். அடிப்படைச் சுரம், கம்பியின் நடுவில் கிடைப்பதில் 29 விழுக்காடுதான் கிடைக்கும். கால் பங்கு இடத்தில் 71 கிடைத்தது. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறைகிறது. ஃபெண்டர் நிறுவனம் 1960-இல் கொண்டுவந்த ஜாஸ் பேஸில், பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப்பை எழுபதுகளில் ஏறக்குறைய அரை அங்குலம் நகர்த்தினார்கள். அந்த அரை அங்குலத்தை வைத்தே காலத்தைச் சொல்லும் காதுகள் உண்டு. கிப்சன் நிறுவனமோ எழுபதுகளில் வந்த தன் கிராபர் பேஸில் பிக்கப்பையே நகர்த்தும்படி செய்துவிட்டது.

ஆகவே புனிதமான இடம் என்று எதுவும் கிடையாது. குடைவதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பிக்கப்பைக் கவிழ்த்து, இரண்டு மரக்கட்டைகளின் துணையோடு கம்பிகளுக்கு மேலே நிறுத்துங்கள். காந்தத்துக்கு மேலென்ன, கீழென்ன! ஆம்ப்ளிஃபயரில் இணைத்து, விரல் மீட்டும் இடத்தை மாற்றாமல், கட்டைகளை ஐந்து ஐந்து மி.மீ. நகர்த்திக் கேளுங்கள். சின்ன ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸைத் தர முடியாது. 82, 124, 165 ஆகியவற்றைக் கேட்டு மூளைதான் அடிச்சுரத்தை ஊகித்துக்கொள்கிறது. அதனால் பெரிய ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

தேக்கு சரிதானா என்றும் கேட்டிருக்கிறார். கோயில் மணியோசை கேட்டு வளர்ந்த பலாவில் செய்த வீணைக்குத் தனி நாதம் என்று சொல்பவர்கள் நம்மிடம் உண்டு. மின்கிட்டார் உலகிலும் அதே கதையை வேறு மரப்பெயர்களோடு விற்கிறார்கள். குடமுள்ள வீணைக்கு மரம் முக்கியம், மறுக்கவில்லை. கெட்டிப் பலகை பேஸில் மரத்தின் பெயரைவிடக் கழுத்தின் விறைப்புதான் பெரிது. கழுத்து, நீச்சல்குளத்துத் துள்ளுபலகைபோலத் தனக்கென ஓர் அதிர்வெண் கொண்டது. ஒரு சுரம் அதோடு ஒத்துப்போனால் கம்பியின் ஆற்றலைக் கழுத்து உறிஞ்சிக்கொள்ளும், சுரம் சட்டென்று செத்துவிடும். மெல்லிய 'ஜி' கம்பியில் 5 முதல் 7-ஆவது ஃப்ரெட் வரை இந்தத் தொல்லை அடிக்கடி வரும். தச்சர்கள் வைத்திருக்கும் சி-கிளாம்ப் ஒன்றைக் கழுத்தின் தலைப்பகுதியில் மாட்டிப் பாருங்கள். எடை கூடினால் கழுத்தின் அதிர்வெண் இறங்கும், செத்த இடம் நகரும்.

இனி எனக்குப் பிடித்த கிளைக்கதை. பின்னாளில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவில் சேர்ந்த பில் வைமன், 1961-இல் மலிவான பழைய பேஸ் ஒன்றை வாங்கி, உடலை அறுத்துச் சிறிதாக்கி, ஃப்ரெட்டுகளைப் பிடுங்கினார். புதியவை அடிக்கத்தான் திட்டம். பிடுங்கியதும் வந்த ஒலி பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார். ஃப்ரெட் இல்லாதபோது கம்பி மரத்தின் மேலேயே படிந்து, உரசி உரசி விலகுகிறது. ஒவ்வோர் உரசலிலும் மேல் சீரிசைகள் புதிதாகப் பிறக்கின்றன. பூனை சோம்பல் முறிப்பதுபோன்ற அந்த இழுப்புக்கு இதுதான் காரணம்.

இந்த உரசலை நாம் நன்றாக அறிவோம். கணுவில் மீட்டினால் அந்தச் சீரிசை வராது என்பது தாமஸ் யங் சொன்ன விதி. வீணையும் தம்பூராவும் இந்த விதியை மீறுவதை 1921-இல் கல்கத்தாவிலிருந்து சி.வி. ராமன் எழுதினார். கம்பியைத் தாங்கும் வளைந்த குதிரையின் மேல் கம்பி உரசிக்கொண்டே அதிர்வதுதான் அவர் காட்டிய காரணம். ஒளியில் நோபல் வாங்கியவர் வீணைக் குதிரையோடு மெனக்கெட்டதை யாரும் வீண்செலவு என்று சொல்லவில்லை. இன்று ஒரு மாணவர் தவில் தோலை ஆராய நிதி கேட்டால் "பயன் என்ன?" என்று முதல் பக்கத்திலேயே நிரப்பச் சொல்கிறோம். எனக்கு இதில் தீராத வருத்தம் உண்டு.

நம் வாசகர் ஏற்கெனவே ஃப்ரெட் அடித்துவிட்டார், பிடுங்கச் சொல்லமாட்டேன். ஆனால் கட்டிலின் கால்மாட்டுப் பலகை இன்னும் மிச்சமிருக்கும் அல்லவா?