கதவைப் புரட்டினால் கதவெண் ஏன் இடம்பெயர்கிறது?

கட்டட வரைபட மென்பொருளில் நாள்தோறும் வேலை செய்யும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: அவர் உருவாக்கிய கதவு உறுப்பில் கதவெண் சரியான இடத்தில்தான் நிற்கிறது, ஆனால் அதே கதவை மிரர் செய்து, அதாவது கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றி வைத்தால் எண் கதவின்மேல் ஏறிக்கொள்கிறது, சுழற்றி வைத்தால் தலைகீழாகிறது, ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடுகிறது. இது மென்பொருளின் கோளாறாக இருக்குமோ என்பது அவருடைய ஐயம். பெரும்பாலும் அப்படி இல்லை. பள்ளியில் படித்த ஆயத்தொலைவுக் கணிதம் சொன்னபடி நடக்கிறது, அவ்வளவுதான்.

பாராமெட்ரிக் உறுப்பு என்பது அகலம், உயரம், எண் போன்ற மாறிகளைப் பெற்றுக்கொண்டு தன்னைத் தானே வரைந்துகொள்ளும் ஒரு சிறு நிரல். ஆர்க்கிகேட் மென்பொருளில் அது ஜிடிஎல் மொழியில் எழுதப்படுகிறது. ரெவிட் என்ற மற்றொரு மென்பொருளில் அதற்கு ஃபேமிலி என்று பெயர். ஒவ்வொரு உறுப்புக்கும் சொந்தமாக ஓர் ஆதிப்புள்ளியும் ஆய அச்சுகளும் உண்டு. நாம் உறுப்பை வரைபடத்தில் சுழற்றினால் அந்த அச்சுகளும், அவற்றோடு எழுத்தும் சுழல்கின்றன. கோடுகளுக்கு இது வசதியானது. எழுத்துக்கோ தொல்லை, ஏனென்றால் கதவு எப்படித் திரும்பினாலும் அதன் எண்ணை நாம் நேராகப் படிக்க வேண்டும்.

ஆகவே எழுத்தை மட்டும் எதிர்த்திசையில் சுழற்றிப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. முதல் தவறு இங்கேதான் நிகழ்கிறது. இடப்பெயர்ச்சிக்கும் சுழற்சிக்கும் இடையே பரிமாற்றுப் பண்பு கிடையாது. ஜிடிஎல்லில் ஆதிப்புள்ளியை முதலில் 2 மீட்டர் வலப்புறம் நகர்த்தி, பிறகு அச்சுகளை 90 பாகை சுழற்றினால் எழுத்து (2, 0) என்ற இடத்தில் அமரும். வரிசையை மாற்றி, முதலில் சுழற்றிப் பிறகு நகர்த்தினால் அது (0, 2) என்ற இடத்துக்குப் போய்விடும். இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 2.83 மீட்டர். எழுத்து வேறெங்கோ ஓடிவிடுவதாக வாசகர் சொல்வது பெரும்பாலும் இதுதான். எழுத்து இருக்கவேண்டிய இடத்துக்கு முதலில் போய், அங்கே நின்றுகொண்டு சுழற்சியை நீக்குவதே முறை.

வரிசை சரியாக இருந்தும் எண் கதவின்மேல் ஏறுகிறதென்றால் ஆங்கர் புள்ளியைப் பார்க்க வேண்டும். எழுத்துத் தொடரைச் சுற்றி ஒரு செவ்வகம் இருப்பதாகக் கொள்வோம். அந்தச் செவ்வகத்தின் எந்த இடம் நாம் கொடுத்த புள்ளியில் பொருந்தவேண்டும் என்பதைச் சொல்வதே ஆங்கர். ஜிடிஎல் இதற்கு 1 முதல் 9 வரை எண்களைத் தருகிறது: மேல்வரிசையில் இடமிருந்து வலமாக 1, 2, 3, நடுவில் 4, 5, 6, கீழே 7, 8, 9. கைப்பேசியின் எண்பலகையும் இப்படித்தான் இருக்கிறது என்பதால் மனத்தில் எளிதாக நிற்கும். நம் கதவெண்ணுக்கு ஆங்கர் 4 என்று வைத்துக்கொண்டால், எழுத்து புள்ளியில் தொடங்கி வலப்புறம் நீளும்.

இப்போது கதவை 180 பாகை சுழற்றுவோம். எழுத்து தலைகீழாகி, புள்ளியிலிருந்து இடப்புறம் நீள்கிறது. கதவும் திரும்பிவிட்டதால் அந்த இடப்புறம்தான் காலி இடம். எழுத்தை நேராக்க அதன் புள்ளியிலேயே வைத்து 180 பாகை திருப்பினால் அது மீண்டும் வலப்புறம் நீளும். அங்கேயோ கதவு இருக்கிறது. எழுத்து நேராகவும் வேண்டும், இடப்புறமாகவும் வேண்டும் என்றால் ஆங்கர் 6 ஆக வேண்டும். அதேபோல் மேல் இட மூலையான 1 என்பது கீழ் வல மூலையான 9 ஆக வேண்டும். 2 என்பது 8 ஆகும், 3 என்பது 7 ஆகும், நடுவிலுள்ள 5 மாறாது. ஒவ்வொரு இணையின் கூட்டுத்தொகையும் 10. அதாவது, புதிய ஆங்கர் என்பது பத்திலிருந்து பழைய ஆங்கரைக் கழித்தால் கிடைக்கும் எண். ஒன்பது நிபந்தனைகளாக எழுதப்படும் நிரலை ஒரே கழித்தலில் முடித்துவிடலாம் என்பதில் எனக்கு அலுக்காத மகிழ்ச்சி உண்டு.

மிரர் செய்வது சற்று வேறு வகை. அது இடவல மாற்றம். இத்தகைய மாற்றத்தை எண்களின் கட்டமாக எழுதினால் அது அணி; அந்த அணியிலிருந்து கணக்கிடப்படும் ஒற்றை எண் அணிக்கோவை. மிரருக்கு அதன் மதிப்பு −1. சுழற்சியின் அணிக்கோவை எப்போதும் +1 என்பதால், எத்தனை சுழற்சிகளைச் சேர்த்தாலும் −1 வராது. ‘க’ என்ற எழுத்தின் பிரதிபலிப்பைத் தாளின்மேல் எத்தனை பாகை சுற்றினாலும் அது ‘க’ ஆகாமல் போவதன் காரணம் இதுவே. இன்னொரு பிரதிபலிப்புதான் அதை மீட்கும்: உறுப்பு மிரர் செய்யப்பட்டிருக்கிறதா என்று கேட்டறிந்து, ஆம் என்றால் எழுத்தின் புள்ளியில் நின்று எக்ஸ் அச்சை −1ஆல் பெருக்கவேண்டும். அப்போது ஆங்கரின் மேல், நடு, கீழ் வரிசை மாறாமல் இடமும் வலமும் மட்டும் இடம் மாறும்: 1க்கு 3, 4க்கு 6, 7க்கு 9. மிரரும் 180 பாகைச் சுழற்சியும் சேர்ந்து வந்தால் மேலும் கீழும் இடம் மாறும்: 1க்கு 7, 2க்கு 8, 3க்கு 9. எதையும் மாற்றாமல் விடுவதையும் சேர்த்தால் மொத்தம் நான்கே செயல்கள். அவற்றில் எந்த ஒன்றையும் இருமுறை செய்தால் தொடங்கிய இடத்துக்கே வருவோம், மாற்றும் செயல்கள் மூன்றில் எவை இரண்டைச் சேர்த்தாலும் மூன்றாவது கிடைக்கும். ஜெர்மானியக் கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் கிளைன் 1884இல் பெயரிட்ட நான்குறுப்புக் குலம் (இப்படித் தமக்குள்ளேயே சேர்ந்து முடியும் நான்கு செயல்களின் தொகுதி) இதுதான். கதவெண்ணை ஒழுங்குபடுத்தும் நிரலுக்குள் அருவ இயற்கணிதம் இப்படி ஒளிந்திருக்கிறது!

எந்தக் கோணத்தில் திருப்புவது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. வரைபட எழுத்து தாளின் அடிப்பக்கத்திலிருந்தோ வலப்பக்கத்திலிருந்தோ படிக்கும்படி இருக்கவேண்டும் என்பது மரபு. ஆகவே 90 பாகையில் உள்ள எழுத்தை விட்டுவிடலாம்; அதைத் தாண்டி 270 வரை உள்ளவற்றைத் திருப்பவேண்டும். ஆனால் கணினி இரும எண்களில் கணக்கிடுவதால் 90 என்று நாம் நினைப்பது உள்ளே 90.0000001 ஆக இருக்கக்கூடும். ஒரே சுவரில் உள்ள இரண்டு கதவுகளில் ஒன்றின் எண் மட்டும் திரும்பி நிற்பதற்கு இதுவே காரணம். ஒப்பிடும்போது சிறு பிழை வரம்பு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் போதும்.

எழுத்தைச் சுற்றிப் பெட்டி வரையும்போது அகலக் கணக்கு வருகிறது. எழுத்து தாளில் மில்லிமீட்டரிலும் கட்டடம் மீட்டரிலும் அளக்கப்படுவதால், 30 மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு பெயர் 1:50 அளவுத்திட்டத்தில் 1.5 மீட்டரையும் 1:100இல் 3 மீட்டரையும் அடைத்துக்கொள்ளும். எனவே எழுத்தின் அகலத்தை மில்லிமீட்டரில் தரும் எஸ்டிடபிள்யூ (STW) என்ற ஜிடிஎல் சார்பின் மூலம் பெற்று, 1000ஆல் வகுத்து, அளவுத்திட்ட எண்ணால் பெருக்கிக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் எழுத்துக்கு முன்னால் வெற்றிடங்களைச் சேர்த்துச் சேர்த்துத் தள்ளிவைப்பதை நான் மூடநம்பிக்கையின் கணக்கில்தான் வைப்பேன். ஒருமுறை பலித்துவிடுவதால் மட்டுமே அது உயிரோடு இருக்கிறது.

எழுத்துகளை எண்ணி அகலத்தை ஊகிப்பதும் உதவாது, தமிழில் சிறிதும் உதவாது. ‘கொ’ என்பது யூனிகோடில் இரண்டு குறியீடுகள், திரையில் மூன்று வடிவங்கள். ‘ஸ்ரீ’ நான்கு குறியீடுகள், பெரும்பாலான எழுத்துருக்களில் ஒரே வடிவம். உயரத்திலும் இதே சிக்கல்தான். நடு ஆங்கர் என்பது செவ்வகத்தின் நடுவே தவிர, கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் நடு அன்று. கீழே அதிக இடம் ஒதுக்கிய எழுத்துருவில், அடிக்கோட்டுக்குக் கீழே இறங்காத ஓர் எண்ணை வட்டத்தின் நடுவில் வைத்தால் அது சற்று மேலேறித் தெரியும். நம் எழுத்துருக்களின் இத்தகைய அளவுகளைச் சோதித்துச் சீராக்கும் வேலைக்கு நிதி ஒதுக்குவது கவர்ச்சியற்றதாகத் தோன்றலாம். ஆனால் புதிய அலங்கார எழுத்துரு ஒன்றை வெளியிடுவதைவிட அதற்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் கருத்து.

வாசகர் தம் உறுப்பைச் சோதிக்க, ஆங்கர் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்தைச் சாராமல் ஒரு சிறு வட்டத்தையும், எழுத்து இருக்கும் இடத்தில் அதே கட்டளை வரிசைக்குள் ஒரு சிலுவைக் குறியையும் வரைந்துகொள்ளலாம். பிறகு 0, 90, 180, 270 பாகைகளில் நான்கும், அவற்றின் மிரர் நான்குமாக எட்டுப் பிரதிகளை வரிசையாக வைக்கவேண்டும். சிலுவை வட்டத்தை விட்டு விலகினால் கட்டளை வரிசை தவறு; சிலுவை வட்டத்திலேயே நின்று எழுத்து மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்தால் ஆங்கர் தவறு; இரண்டும் சரியாக இருந்து வேறொரு கணினியில் மட்டும் எழுத்து பெட்டியை மீறினால், அந்தக் கணினியில் அந்த எழுத்துரு நிறுவப்படாமல் மென்பொருள் வேறொன்றை இட்டு நிரப்பியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும்.