முகப்பரு மாத்திரையும் மூளையில் நடக்கும் கவாத்தும்

டாக்ஸிசைக்ளின் ஒன்றும் புது மருந்தல்ல. முகப்பருவுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் காலங்காலமாக எழுதித்தரும் ஆன்டிபயாடிக்தான். இது மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வராமல் தடுக்குமா என்று இன்று ஆராய்கிறார்கள்.

சிறுவயதில் நம் மூளை தேவைக்கு மேல் நரம்பு இணைப்புகளைப் போட்டு வைத்துக்கொள்கிறது. பதின்வயதில் வேண்டாதவற்றைக் கழித்துவிடுகிறது, முருங்கையைக் கவாத்து செய்வது போல. இங்கே அரிவாள் பிடிப்பவை மைக்ரோகிளியா செல்கள். மூளைக்குக் காவல் இருக்கும் இவை, 'சி4' என்ற புரதம் குறி வைத்த இணைப்புகளை விழுங்கிவிடும். சி4 அதிகம் சுரக்கவைக்கும் மரபணு உள்ளவர்களுக்கு மனச்சிதைவு வரும் வாய்ப்பு கூடுதல் என்று 2016இல் தெரியவந்தது. அப்படியானால் கவாத்து அளவு மீறிப்போகிறதோ? நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவதோடு இந்த விளக்கம் நன்றாகவே பொருந்துகிறது.

2019இல் பாஸ்டன் ஆய்வாளர்கள் இதைக் கண்ணெதிரே நடத்திப் பார்த்தார்கள். நோயாளிகளின் ரத்த செல்களை மைக்ரோகிளியா போல மாற்றி, அவற்றின் முன்னால் நரம்பு இணைப்புகளை வைத்தார்கள். நோயில்லாதவர்களின் செல்களைவிட இவை அதிகமாக விழுங்கின. டாக்ஸிசைக்ளினின் நெருங்கிய உறவான மினோசைக்ளினைச் சேர்த்ததும் விழுங்குவது குறைந்தது. இங்கே மருந்து கொன்றது எந்தக் கிருமியையும் அல்ல. பசியெடுத்த காவல்காரரை அடக்கியது, அவ்வளவுதான்.

சரி, மனிதர்களிடம்? நோய் ஏற்கெனவே வந்துவிட்ட 207 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மினோசைக்ளினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் பிரிட்டனில் ஓராண்டு கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. எனக்கு இதில் பெரிய வியப்பில்லை, வெட்டிய கிளையை ஒட்டவைக்க முடியாதே. ஆனால் 2025இல் வெளியான பின்லாந்து ஆய்வு வேறு கதை சொன்னது. மனநல சிகிச்சைக்கு வந்த பதின்வயதினரில், டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சிதைவு வருவது, மற்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களைவிட 30 முதல் 35 சதவீதம் குறைவாக இருந்தது.

இது பழைய பதிவேடுகளை அலசிக் கண்டது. மருந்துதான் காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அதனால் தயவுசெய்து யாரும் பிள்ளைகளுக்குத் தாங்களாக இதை வாங்கிக் கொடுக்காதீர்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமானால், நோய் வரும் அபாயமுள்ள இளைஞர்களில் குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இந்த மாத்திரையும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து, சில ஆண்டுகள் கூடவே இருந்து கவனிக்க வேண்டும். காப்புரிமை காலாவதியான மலிவு மருந்துக்கு அந்தச் செலவைச் செய்ய கம்பெனிகள் முன்வருவது அரிது. அரசுகள்தான் செய்ய வேண்டும்.