யாரும் சொல்லாமலே மாற்றம் தெரிவது எப்படி?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரி. கணினியில் ஆர்டர் எண் 412-ஐத் திறக்கிறார். எடை 850 கிராம் என்று இருக்கிறது. அதை 900 ஆக்கிவிட்டுச் சேமிக்கிறார். இதற்காக எழுதப்பட்ட நிரலைப் பிரித்துப் பார்த்தால், தரவுத்தளத்தில் எடையை மாற்று என்று சொல்லும் வரி எங்கேயும் இருக்காது. ஆர்டரை எடு, அதன் எடையை 900 ஆக்கு, வேலையை முடி. அவ்வளவுதான். ஆனாலும் தரவுத்தளத்துக்குப் போய்ச் சேர்வது துல்லியமான ஒரு கட்டளை: ஆர்டர் அட்டவணையில் 412-ஆம் எண் வரியில் எடை என்ற புலத்தை 900 ஆக்கு. இந்தக் கட்டளையை எழுதியது யார்?

எழுதியது ஓ.ஆர்.எம். எனப்படும் இடைநிலை மென்பொருள். தரவுத்தளம் தகவலை அட்டவணைகளாகவும் வரிகளாகவும் வைத்திருக்கிறது. நிரலாளர் ஜாவாவிலோ சி ஷார்ப்பிலோ பைத்தானிலோ எழுதும்போது ஆப்ஜெக்ட்களாக, அதாவது ஒன்றின் விவரங்களையெல்லாம் சேர்த்துக் கட்டிய பொட்டலங்களாக, யோசிக்கிறார். ஒரு வரியை ஒரு ஆப்ஜெக்ட்டாக மாற்றித் தருவதும், ஆப்ஜெக்ட்டில் செய்த மாற்றத்தை மறுபடி வரிக்குக் கொண்டுபோவதும் ஓ.ஆர்.எம்.மின் வேலை. ஜாவாவில் 2001-ல் தொடங்கிய ஹைபர்னேட், மைக்ரோசாஃப்டின் என்டிட்டி ஃபிரேம்வொர்க், பைத்தானின் எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி ஆகியவை இவ்வகையில் பிரபலமானவை. வரியை ஆப்ஜெக்ட்டாக்குவது பெரிய வித்தை அல்ல. நினைவகத்தில் யாரோ ஒரு எண்ணைத் தொட்டார் என்பதைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். ஏனென்றால் சாதாரண ஆப்ஜெக்ட்டுக்கு நேற்று என்ற ஒன்று கிடையாது. 900 என்று எழுதிய நொடியில் 850 அழிந்துவிடுகிறது.

செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்காரர்களிடம் இதற்கு விடை இருக்கிறது. கொலுசு வேலைக்கு வெள்ளி கொடுக்கும்போது எடை போட்டுக் குறித்துக்கொள்வார்கள். கொலுசாகத் திரும்பி வரும்போது மறுபடி எடை போடுவார்கள். சேதாரக் கணக்கெல்லாம் அந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான். வெள்ளி உருகுவதையும் கம்பியாவதையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. ஹைபர்னேட்டும், என்டிட்டி ஃபிரேம்வொர்க்கின் புதிய வடிவமான என்டிட்டி ஃபிரேம்வொர்க் 'கோர்' என்பதும் வழக்கமாகச் செய்வது இதுவே. வரியைப் படித்து ஆப்ஜெக்ட்டை நிரலாளர் கையில் கொடுக்கும்போதே, அதன் மதிப்புகளை நகலெடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்கின்றன. சேமிக்கும் நேரம் வந்ததும் ஒவ்வொரு புலத்தையும் நகலோடு ஒப்பிடுகின்றன. வேறுபட்டால்தான் கட்டளை பிறக்கும். எடையை 900 ஆக்கி, மனம் மாறி மறுபடி 850 ஆக்கிவிட்டால், தரவுத்தளத்துக்கு ஒரு எழுத்தும் போகாது.

இந்த ஒப்பீட்டின் முடிவை ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டின் மீதும் ஒரு நிலையாகக் குறித்துவைக்கிறார்கள். என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் நிலைகள் ஐந்து: கண்காணிப்பில் இல்லாதது, மாறாதது, புதிதாகச் சேர்ந்தது, மாறியது, நீக்கவேண்டியது. சேமிக்கும்போது புதியதற்கு இன்சர்ட், மாறியதற்கு அப்டேட், நீக்கவேண்டியதற்கு டெலிட். முடிந்ததும் நீக்கியவை கண்காணிப்பிலிருந்து விலகும். மற்றவை 'மாறாதது' நிலைக்குத் திரும்பும். சந்தேகம் வந்தால் ஊகிக்க வேண்டாம், நகலையும் நிலையையும் வைத்திருக்கும் பகுதியான கண்காணிப்பானையே கேட்கலாம். அதன் பிழைத்திருத்தக் காட்சியைத் திறந்தால் எடை 900, மாறியது, முதலில் 850 என்று ஒவ்வொரு புலத்துக்கும் எழுதிவைத்திருக்கும். பாதிப் பேருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. ஹைபர்னேட்டில் எல்லாம் ஒழுங்காகக் கண்காணிப்பில் இருக்கும்போதும், எதற்கும் இருக்கட்டும் என்று ஒவ்வொரு மாற்றத்துக்குப் பின்னும் சேவ் என்று எழுதுகிறவர்கள் ஏராளம். சாமி கும்பிடுவது மாதிரிதான்; கெடுதல் ஒன்றுமில்லை, தேவையும் இல்லை.

அப்டேட் கட்டளையில் ஒரு சின்ன வேறுபாடு உண்டு. என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் மாறிய புலத்தை மட்டும் எழுதும். ஹைபர்னேட்டோ வேறு ஏற்பாடு செய்யாதவரை எல்லாப் புலங்களையும் சேர்த்தே எழுதும். சோம்பல் அல்ல. கட்டளையின் வடிவம் எப்போதும் ஒன்றாகவே இருந்தால் அதை ஒருமுறை தயாரித்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்ற கணக்கு.

இரண்டாவது வழி, நகலை நம்பாமல் கைவைக்கும் இடத்திலேயே காவல் போடுவது. எஸ்.க்யூ.எல்.ஆல்கெமி இந்தக் கட்சி. அதன் ஆப்ஜெக்ட்டில் எடை என்பது வெறும் எண் அல்ல. மதிப்பை வாங்கி உள்ளே வைக்கும் ஒரு சிறு நிரல்துண்டு. 900 என்று எழுதினால் அந்தத் துண்டு முதலில் பழைய 850-ஐ எடுத்துப் பத்திரப்படுத்தும், ஆப்ஜெக்ட் தொடப்பட்டது என்று கொடி ஏற்றும், பிறகுதான் புதிய மதிப்பை வைக்கும். தொடாத ஆப்ஜெக்ட்களை ஒப்பிடும் வேலையே மிச்சம். ஹைபர்னேட்டிலும் வேண்டுமானால் தொகுத்த (கம்பைல் செய்த) நிரலுக்குள் இப்படிக் காவலைப் புகுத்தலாம்.

ஆனால் இந்தக் காவலுக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. ஆர்டரில் அளவு விவரங்கள் ஒரே புலத்துக்குள், பெயரும் மதிப்புமாக அடுக்கிய ஒரு ஜேசன் அகராதியாகச் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அகராதி முழுவதையும் மாற்றி வைத்தால் காவலுக்குத் தெரியும். அகராதிக்குள் நுழைந்து சலங்கை எண்ணிக்கையை மட்டும் 12-லிருந்து 16 ஆக்கினால் தெரியாது. புலம் அதே அகராதியைத்தான் இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறது. சேமித்தேன் என்று நிரல் சொல்லும், பிழைச்செய்தி வராது, தரவுத்தளத்தில் 12 அப்படியே இருக்கும். நகல் முறையும் இதிலிருந்து தானாகத் தப்புவதில்லை. அகராதியை உள்வரை நகலெடுக்காமல் நினைவகத்தில் அதன் முகவரியை மட்டும் குறித்துவைத்தால், பழையதும் புதியதும் ஒரே அகராதி. ஒப்பிட்டு என்ன பயன்? அதனால்தான் எஸ்.க்யூ.எல்.ஆல்கெமியில் மாறக்கூடிய வகை என்று தனியாக அறிவிக்க வேண்டியிருக்கிறது. என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் மதிப்பை எப்படி ஒப்பிடுவது, எப்படி நகலெடுப்பது என்று நாமே சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. இந்தத் துறையில் மணிக்கணக்காகத் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் பிழை இதுதான் என்பேன்.

நகல் முறைக்குக் கூலியும் உண்டு. 10,000 ஆர்டர்களைப் படித்து மாத அறிக்கை அச்சிட்டால், யாரும் மாற்றப்போகாத 10,000 வரிகளுக்கும் நகல் நினைவகத்தில் உட்கார்ந்திருக்கும். படிக்க மட்டும் என்றால் கண்காணிப்பு வேண்டாம் என்று, தரவைக் கேட்கும் கேள்வியிலேயே சொல்லிவிடுவது நல்லது. பழைய என்டிட்டி ஃபிரேம்வொர்க் 6-ல் இதைவிட மோசம்: ஒரு ஆப்ஜெக்ட்டைச் சேர்க்கும்போதெல்லாம் இதுவரை சேர்ந்த எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும். ஆயிரக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்தால் போகப்போக நத்தை வேகம்தான். மொத்தமாகச் சேர்க்கும் வழியை எடுத்தால் ஒப்பீடு ஒரே தடவையில் முடிந்துவிடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஆப்ஜெக்ட் கண்காணிப்பானின் கண் முன்னால் இருக்கும்வரை. இணையச் செயலிகளில் அது அரிது. திரைக்குத் தகவலை அனுப்பியதும் கண்காணிப்பானின் ஆயுள் முடிந்துவிடும், நகலும் போய்விடும். விற்பனைப் பிரதிநிதி ஒருவர் ஏற்காட்டுக் கடைக்காக ஆர்டர் 412-ஐக் கைப்பேசியில் திறக்கிறார். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் எங்கோ சிக்னல் போகிறது. மேலே போய்ச் சேர்ந்து எடையை 950 ஆக்கி அனுப்புகிறார். அதற்குள் செவ்வாய்ப்பேட்டையில் கீழே ஒருவர் அதே ஆர்டரின் டெலிவரி தேதியை மாற்றிவிட்டார். கைப்பேசியிலிருந்து வருவதோ படிவம் முழுவதும், பழைய தேதியோடு சேர்த்து. இதை அப்படியே 'மாறியது' என்று அறிவித்தால் எல்லாப் புலங்களும் எழுதப்படும், புதிய தேதி அழிந்துவிடும். சரி, வரியைப் புதிதாகப் படித்து அதோடு ஒப்பிடலாம் என்றால், அங்கேயும் பழைய தேதி வேறுபட்டுத்தான் தெரியும். பிரதிநிதியே தேதியை மாற்றினார் என்று கண்காணிப்பான் நம்பிவிடும்.

இதற்குத்தான் பதிப்பு எண் என்ற புலம். ஒவ்வொரு அப்டேட்டிலும் அது ஒன்று கூடும். பிரதிநிதி படித்தபோது பதிப்பு 7. அவர் மாற்றம் தரவுத்தளத்துக்குப் போகும்போது, எண் 412 ஆகவும் பதிப்பு 7 ஆகவும் இருக்கும் வரியை மாற்று என்று போகும். தேதி மாறியபோதே பதிப்பு 8 ஆகிவிட்டதால் அப்படி ஒரு வரியே இல்லை. மாறிய வரிகள் பூஜ்யம் என்று தரவுத்தளம் சொல்ல, ஓ.ஆர்.எம். அதைப் பிழையாக எழுப்புகிறது. பிரதிநிதி புதிய தேதியைப் பார்த்துவிட்டு மறுபடி அனுப்பலாம். பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று: அந்த 7, திரைக்குப் போய் படிவத்தோடு திரும்பி வர வேண்டும். சேமிக்கும்போது புதிதாகப் படித்த 8-ஐ எடுத்துச் சரிபார்த்தால், சோதனை எப்போதும் தேறிவிடும். அப்படி ஒரு சோதனைக்கு அர்த்தமே இல்லை.

கடைசியாக ஹைபர்னேட்காரர்களுக்கு மட்டும் ஒன்று. மாற்றங்களைக் குறித்த வரிசையிலேயே அது தரவுத்தளத்துக்கு அனுப்புவதில்லை. அதற்கென்று நிலையான வரிசை இருக்கிறது: இன்சர்ட் முதலில், அப்டேட் அடுத்து, டெலிட் கடைசியில். ஒரு கொலுசு மாதிரியை நீக்கிவிட்டு, இரண்டாவது ஒன்று இருக்கக் கூடாத அதே குறியீட்டு எண்ணில் புதிய மாதிரியைச் சேர்த்தால், நிரலைப் படிக்கிறவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் புதியது போய்ச் சேரும்போது பழையது இன்னும் அங்கே இருக்கிறது. குறியீடு மோதுகிறது என்று தரவுத்தளம் திருப்பி அனுப்பிவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒருமுறை ஃப்ளஷ் செய்து, அதாவது காத்திருக்கும் மாற்றங்களை உடனே அனுப்பச் சொல்லி, நீக்கத்தை முதலிலேயே அனுப்பிவிடலாம். பழைய வரியை நீக்காமல் அதிலேயே புதிய மாதிரியின் விவரங்களை எழுதுவது அதைவிடச் சுத்தமான வழி.